ரத்தக்கட்டி வர்ற ஒடம்புக்கு கிட்னி மாத்துனப்ப நாங்க பட்டதும் தெரிஞ்சிக்கிட்டதும்

கிட்னி மாத்தப்போறோம்னு சொன்ன ஒடனே நம்ம சனம் கேக்குறது ரத்த குரூப் சேருதா, ஒடம்பு ஏத்துக்குமா, எவ்வளவு சல்லி போகும், இந்த மூணுதான். ரத்தம் உறையுறதப் பத்தி யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஆனா எங்க வீட்டு ஒபரேசன்ல ஆரம்பத்துல இருந்து டொக்டர்மார் பயந்தது அத ஒண்ணுக்குத்தான். நான் என் தங்கச்சிக்கு ஒரு கிட்னி குடுத்தவ. டொக்டர் இல்ல, நர்ஸும் இல்ல, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல பொறந்து வளந்து இப்ப முன்பள்ளியில சின்னப் புள்ளைங்களுக்கு படிப்பிச்சிக்கிட்டு இருக்கேன். கிளினிக் வாங்குல ஒக்காந்து ஒக்காந்து, ஒவ்வொரு டொக்டரையும் நச்சரிச்சு கேட்டு, கொப்பியில எழுதி வச்சதத்தான் இங்க சொல்றேன். இதப் பாத்து யாரும் மருந்து அளவ கூட்டக் கொறைக்க வேணாம், அது ஆளுக்கு ஆள் மாறும்.

தங்கச்சிக்கு வந்தது லூபஸ். ஒடம்போட எதிர்ப்பு சக்தி அந்த ஒடம்பையே தாக்குற வருத்தம். மொதல்ல கைமூட்டு கால்மூட்டு நோவு, பொறகு மொகத்துல செவப்பு, அதுக்குப் பொறகு மொகமும் காலும் வீங்கி, மூத்திரத்துல புரதம் போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள கிட்னி ரெண்டும் பாதிக்கு மேல போயிருச்சு. அந்தக் கதையே தனியா ஒரு நாள் எழுதலாம், இப்ப வேணாம்.

இதுக்கெல்லாம் முன்னாடி நடந்தது ரெண்டு விசயம் இருக்கு. கல்யாணத்துக்கு முன்ன ஒரு தடவ அவ இடது கால் மட்டும் கெண்டையில இருந்து தொடை வரைக்கும் வீங்கி சூடா இருந்திச்சு. மலையில சறுக்கி விழுந்திருந்தா, அதுனால சுளுக்குன்னு சொல்லிட்டாங்க, நாங்களும் நம்பிட்டோம், பக்கத்து லயத்து பாட்டி எண்ணெ போட்டு உருவி விட்டாங்க. கல்யாணத்துக்குப் பொறகு ரெண்டு புள்ள வயித்துல தங்கல, ஒண்ணு நாலாம் மாசத்துல போச்சு. தோட்டத்துல சொல்லவா வேணும், முனி அடிச்சிருச்சுன்னு ஒரு பக்கம், செய்வினைன்னு ஒரு பக்கம், அவ மாமியார் கோயிலுக்கு சேவல் நேந்துக்கிட்டாங்க. கால் வீங்குனது, புள்ள தங்காதது, கிட்னி போனது மூணையும் ஒரு நூல்ல கோக்கணும்னு யாருக்கும் தோணல.

கோத்தது ஒரு எளவட்ட லேடி டொக்டர். டயலிசிஸ் தொடங்குன நேரம், தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ் ஒருத்தர பக்கத்துல வச்சிக்கிட்டு பழைய கதையெல்லாம் கேட்டாங்க. கால் எப்பயாச்சும் வீங்கியிருக்கா, புள்ள கலைஞ்சிருக்கா, குடும்பத்துல யாருக்காவது எளவயசுல பாரிசவாதம் வந்திருக்கா, மூச்சுத் தெணறி திடீர்னு செத்தவங்க இருக்காங்களா. புள்ள கலைஞ்சத தங்கச்சி சொல்லக் கூச்சப்பட்டா, வார்டுல பத்துப் பேர் இருக்காங்க. அம்மாதான் எல்லாத்தையும் எடுத்து ஒடச்சாங்க. கேட்டு முடிச்சதும் அந்த டொக்டர் எழுதிக் குடுத்த ரத்த டெஸ்ட்ல வந்ததுதான் ஆன்டிபாஸ்போலிப்பிட்னு ஒரு வருத்தம், லூபஸ் உள்ளவங்கள்ல கொஞ்சப் பேருக்கு கூடவே வருமாம், லூபஸ் இல்லாமலும் வருமாம். ரத்தம் தேவையில்லாத எடத்துல உறையும். கால்ல உறைஞ்சா வீங்கும், நச்சுக்கொடியில உறைஞ்சா புள்ள தங்காது. அன்னைக்கு நாங்க சுளுக்குன்னு உருவி விட்ட கால்ல இருந்தது பெரும்பாலும் ரத்தக்கட்டியாத்தான் இருக்கணும்னாங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா இருந்தா தயவுசெஞ்சு உருவாதீங்க, உள்ள இருக்க கட்டி பிச்சிக்கிட்டு நெஞ்சுக்குப் போனா ஆளே போயிரும்.

இதுல ஒரு விசயம் எனக்கு ரொம்ப நாளா புரியவே இல்ல. வேற ஒரு ஆஸ்பத்திரியில முன்ன எடுத்த ரிப்போர்ட்ல ஏபிடிடின்னு ஒரு டெஸ்ட் கூடுதலா வந்திருந்திச்சு, அதாவது ரத்தம் உறைய நேரம் எடுக்குது. அதப் பாத்துட்டு இந்தப் புள்ளைக்கு ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், கவனம்னு எழுதி விட்டிருந்தாங்க. உண்மையில நேர்மாறு. இந்த வருத்தத்துல இருக்க ஒரு எதிர்ப்பொருள் டெஸ்ட் குழாய்க்குள்ள உறைய விடாம தடுக்கும், ஒடம்புக்குள்ள உறைய வைக்கும். கடதாசியில ரத்தம் கசியிற ஆள், உசுரோட பாத்தா கட்டி பிடிக்கிற ஆள். அதுலயும் கிட்னி வேல செய்யாதவங்களுக்கு ரத்தத்துல கழிவு சேந்து, ரத்தத்த நிப்பாட்டுற ப்ளேட்லட் அணு ஒழுங்கா வேல செய்யாது, பல் வெளக்குனா ரத்தம் வரும், மூக்குல ரத்தம் வரும். அதையும் இதையும் சேத்துப் பாத்தா யாருக்குத்தான் கொழம்பாது. அதுனாலதான் பழைய ரிப்போர்ட் ஒண்ணயும் தூக்கிப் போடாம ஒரு பைல்ல வச்சிக்கங்கன்னு சொல்றேன், ஒண்ணோட ஒண்ணு வச்சிப் பாத்தாத்தான் டொக்டருக்கே வெளங்குது.

அந்த எதிர்ப்பொருள் டெஸ்ட்ட ஒருக்கா மட்டும் எடுத்து முடிவு பண்ண மாட்டாங்க, 12 கெழமை கழிச்சு திரும்ப எடுத்து அப்பயும் இருந்தாத்தான் உறுதி. ஏன்னா காச்சல் வந்துபோனாக்கூட கொஞ்ச நாளைக்கு வந்து மறையுமாம். அவளுக்கு ரெண்டாந்தடவையும் வந்திச்சு. ரத்தம் உறையாம வைக்கிற வாஃபரின் குளிசை தொடங்குனாங்க. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற ஐஎன்ஆர்னு ஒரு நம்பர் இருக்கு, அது 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும். இப்ப புதுசா வர்ற, அடிக்கடி ரத்தம் சோதிக்கத் தேவையில்லாத குளிசைங்க இருக்குல்ல, இந்த வருத்தத்துக்கு அது அவ்வளவு சரிவராது, வாஃபரின்தான் நல்லதுன்னாங்க.

பொறகுதான் பெரிய கேள்வி, இந்த ஒடம்புக்கு கிட்னி மாத்தலாமா. நாங்க காட்டுன டொக்டர் ஒண்ணையும் மறைக்கல. சாதாரணமா மாத்துறவங்கள்லயே நூறு பேர எடுத்தா ஒருத்தர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் புதுக் கிட்னியோட ரத்தக்குழாய் அடைக்கலாம், பெரும்பாலும் மொத ரெண்டு கெழமைக்குள்ள. இந்த மாதிரி உறையிற ஒடம்புக்கு அது இன்னும் கூட. கிட்னியில இருந்து ரத்தம் வெளிய வர்றதுக்கு நாளம் ஒண்ணு இருக்கு. நம்ம சொந்தக் கிட்னியில அது அடைச்சா பக்கத்துல இருக்க சின்னச் சின்ன குழாய் வழியா கொஞ்சம் சுத்திப் போகும், மாத்தி வச்ச கிட்னிக்கு அந்த சுத்து வழியே கெடையாது. மழக்காலத்துல லயத்துக் கான் அடைச்சா தண்ணி திரும்பி வீட்டுக்குள்ள ஏறும்ல, அப்புடி ரத்தம் கிட்னிக்குள்ளயே ஏறி வீங்கி, கொஞ்ச மணித்தியாலத்துல கிட்னி செத்துரும். ஒடனே தியேட்டருக்கு கொண்டுபோய் தொறந்தாக்கூட பல நேரம் காப்பாத்த முடியாது. இதெல்லாம் சொல்லிட்டு, டயலிசிஸ்லயே இருந்தா அதுக்குன்னு கையில ரத்தக்குழாய ஒட்டி செஞ்ச ஃபிஸ்டியூலா அடைக்கும், கழுத்துல போட்ட குழாய் அடைக்கும், எதுலயும் இந்த ஆபத்து இல்லாம இல்ல, நீங்க யோசிச்சு சொல்லுங்கன்னாங்க. அது எனக்கு ரொம்பப் பிடிச்சிச்சு. கேக்குறவங்களுக்கு வெளங்காதுன்னு நெனச்சு ஒண்ணும் சொல்லாம கையெழுத்து மட்டும் வாங்குறவங்களும் இருக்காங்க, அந்த மாதிரி எடத்துல தமிழ் தெரிஞ்ச ஒருத்தர கூப்பிட்டுத் தாங்கன்னு கேக்க வெக்கப்படாதீங்க.

உசுரோட இருக்கவங்க குடுக்குற கிட்னின்னா இதுல ஒரு பெரிய வசதி, நாள் முன்னமே தெரியும். மூளை செத்தவங்ககிட்ட இருந்து கெடைக்கிறதுன்னா ராத்திரி கோல் வரும், ஒடனே ஓடணும், ஒடம்புல இருக்க வாஃபரின முறிக்க விட்டமின் கே ஊசி, ப்ளாஸ்மான்னு அவசர அவசரமா ஏத்தணும். எங்களுக்கு தேதி குறிச்சதால ஒபரேசனுக்கு அஞ்சு நாளைக்கு முன்ன வாஃபரின நிப்பாட்டி, வார்டுல படுக்க வச்சு அதுக்குப் பதிலா ரத்தம் உறையாம வைக்கிற ஹெப்பரின்னு இன்னொரு மருந்த டிரிப்ல போட்டாங்க.

யார் குடுக்குறதுங்கிறதுல சண்டையே நடந்திச்சு. அம்மாதான் மொதல்ல வந்தாங்க, அவங்களுக்கு ப்ரெஷர் கூட. தங்கச்சி வீட்டுக்காரருக்கு குரூப் சேரல. அப்ப நான். கூடப் பொறந்தவங்கிறதால என்னையும் லூபஸ் இருக்கான்னு, அந்த உறையிற எதிர்ப்பொருள் இருக்கான்னு சோதிச்சாங்க. இது நெறயப் பேருக்குத் தெரியாது, குடுக்குறவங்க ரத்தமும் கட்டி பிடிக்கிற ரகமான்னு பாக்கணும், குடுக்குறவங்களுக்கும் பெரிய ஒபரேசன்தான், படுத்துக்கெடக்குறதுதான். பொறகு சிடி எடுத்து கிட்னிக்குப் போற குழாய எண்ணினாங்க. எனக்கு இடது பக்கம் நாடி ஒண்ணே ஒண்ணு, அது நல்லதாம், ரெண்டு மூணு இருந்தா ஒவ்வொண்ணா தைக்கணும், அடைக்கிற வாய்ப்பு கூடும். இடது கிட்னியத்தான் பெரும்பாலும் எடுப்பாங்க, ஏன்னா இடது பக்கத்து நாளம் நீளம், வலது பக்கத்துது கட்டை, கட்டையா இருந்தா இழுத்துத் தைக்கும்போது மடங்கவும் அடைக்கவும் எடம் இருக்கு.

அப்பதான் என்கிட்ட கேட்டாங்க, குடும்பக்கட்டுப்பாட்டுக்கு என்ன பாவிக்கிறீங்கன்னு. நான் மித்துரி குளிசை போட்டுக்கிட்டு இருந்தேன், கிளினிக்ல மிட்வைஃப் தர்றது. அத மருந்துன்னே நாம நெனக்கிறதில்ல, வேற மருந்து ஏதும் எடுக்குறீங்களான்னு கேட்டா இல்லன்னுதான் பாதிப் பொம்பளைங்க சொல்வாங்க. அதுல ஈஸ்ட்ரோஜன் இருக்கு, ரத்தம் உறையுறத கூட்டும். பெரிய ஒபரேசனுக்கு ஒரு மாசத்துக்கு மேல முன்னமே நிப்பாட்டணும்னு சொல்லி வேற வழி சொன்னாங்க. நிப்பாட்டுன பொறகு ஒண்ணும் பாவிக்காம விட்டு கர்ப்பமாயிட்டா ஒபரேசனே நின்னு போயிரும், அதுனால அதையும் பேசிக்கங்க. தங்கச்சி மாதிரி உறையிற வருத்தம் உள்ளவங்களுக்கு அந்தக் குளிசை ஆகவே ஆகாது.

ரத்தம் ஏத்துறதப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். டயலிசிஸ் காலத்துல அவளுக்கு ஹீமோகுளோபின் எறங்கிக்கிட்டே இருந்திச்சு, சொந்தக்காரங்க எல்லாம் ஏன் ரத்தம் ஏத்தாம வச்சிருக்காங்கன்னு கோபப்பட்டாங்க, நாங்க குடுக்குறோம்னு நின்னாங்க. வேணும்னேதான் ஏத்தல. அடுத்தவங்க ரத்தம் ஏற ஏற ஒடம்புல எதிர்ப்பொருள் உண்டாகி, பொறகு கிட்னி சேர்றது கஷ்டமாயிரும். அதுக்குப் பதிலா ஊசி போட்டு கூட்டினாங்க.

ஒபரேசனுக்கு முந்துன நாள் செஞ்ச டயலிசிஸ் ஹெப்பரின் இல்லாம செஞ்சாங்க, மிஷினுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க வழமையா போடுறதுதான் அது, ஆனா தியேட்டருக்குப் போகும்போது ஒடம்புல மிச்சம் இருந்தா ரத்தம் நிக்காது. டிரிப்ல போன ஹெப்பரினையும் காலையில கணக்குப் பண்ணி நிப்பாட்டினாங்க. ஏன் ஹெப்பரின்னு கேட்டேன். வயித்துல போடுற ஊசி ஒண்ணு இருக்கு, இனொக்ஸபரின், அது கிட்னி வழியாத்தான் வெளிய போகும், கிட்னி வேல செய்யாத ஆளுக்கு ஒடம்புலயே தங்கி கூடிக்கிட்டே போயிரும். டிரிப்ல போற ஹெப்பரின் நிப்பாட்டுன கொஞ்ச மணித்தியாலத்துலயே எறங்கிரும், அவசரம்னா முறிக்கவும் புரோட்டமின்னு மருந்து இருக்கு. அதே இனொக்ஸபரின்தான் எனக்குப் போட்டாங்க, எனக்கு கிட்னி நல்லா வேல செய்யுதே. ஒரே நாள், ஒரே குடும்பம், ரெண்டு பேருக்கு ரெண்டு மருந்து, காரணம் இதுதான்.

தியேட்டர்ல நடந்தத நான் பாக்கல, மயக்கத்துல கெடந்தவ என்னத்தப் பாக்குறது. பொறகு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது: என் கிட்னியோட குழாய இறுக்குறதுக்கு சத்தே முன்ன எனக்கு ஹெப்பரின் குடுத்திருக்காங்க, அதுக்குள்ள இருக்க என் ரத்தம் உறையாம இருக்க. எல்லா எடத்துலயும் அப்புடிக் குடுக்குறதில்ல, அதுல டொக்டர்மாருக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு. எடுத்த ஒடனே ஐஸ்ல வச்சு குளிர் மருந்துத் தண்ணிய உள்ள விட்டு வெளிறிப் போற வரைக்கும் கழுவுறாங்க. பொறகு அவ அடிவயித்துல, இடுப்புக்கிட்ட காலுக்குப் போற பெரிய குழாய்ங்க ஓடுதில்ல, அதுல தைக்கிறாங்க. பழைய கிட்னிய எடுக்கிறதில்ல, அது அங்கனயே கெடக்கும். மயக்க மருந்து டொக்டரோட வேல எவ்வளவு பெருசுன்னு அப்பதான் தெரிஞ்சிச்சு, ப்ரெஷர் எறங்கவே விடக்கூடாதாம், எறங்குனா புதுக் கிட்னிக்குள்ள ரத்தம் மெதுவா ஓடும், மெதுவா ஓடுற எடத்துலதான் உறையும். கிளிப்ப எடுத்ததும் கிட்னி செவந்து, கொஞ்ச நேரத்துல மூத்திரம் வந்திருச்சுன்னு வெளிய நின்ன எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லியிருக்காங்க.

அதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சா அது தப்பு, அங்கதான் தொடக்கம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூத்திரத்த அளந்து எழுதுறாங்க. திடீர்னு கொறஞ்சா மொதல்ல பாக்குறது மூத்திரக் குழாய், ஏன்னா ஒபரேசனுக்குப் பொறகு மூத்திரத்துல கொஞ்சம் ரத்தம் வரும், அது கட்டியாகி குழாய்க்குள்ள அடைச்சிக்கும், கழுவி விட்டா சரி. அப்பயும் வரலன்னா ஒடனே டொப்ளர் ஸ்கேன், கிட்னிக்குள்ள ரத்தம் ஓடுதான்னு பாக்க. பக்கத்துல நிக்கிற நாம செய்யிறதுக்கு இங்க ஒண்ணு இருக்கு: குழாய் மடங்கியிருக்கா, ஆள் அதுக்கு மேல படுத்திருக்கா, பை நெறஞ்சிருக்கா, இத கண்ணால பாத்துக்கிட்டே இருக்கலாம், மூத்திரம் நின்ன மாதிரி தெரிஞ்சா காலையில ரவுண்ட்ஸ் வரட்டும்னு இருக்காம நர்ஸ் மிஸ்ஸ கூப்பிடணும்.

ஹெப்பரின அன்னைக்கே கொஞ்சமா திரும்பத் தொடங்கினாங்க. ரெண்டாம் ராத்திரி அவ வயித்துப் பக்கம் விட்டிருந்த டிரெய்ன் குழாயில தண்ணி மாதிரி வந்துக்கிட்டிருந்தது கடுஞ் செவப்பாச்சு, நோவு கூடுச்சு, ஹீமோகுளோபின் எறங்கிருச்சு, ப்ரெஷரும் எறங்கிருச்சு. ஸ்கேன்ல கிட்னியச் சுத்தி ரத்தம் தேங்கியிருக்கு. இங்கதான் சிக்கல். ஹெப்பரின் குடுத்தா கசியும், குடுக்காட்டி கிட்னி அடைக்கும். அந்த ராத்திரி பெரிய டொக்டரே வந்து ஹெப்பரின நிப்பாட்டி, ரத்தம் ஏத்தி, சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா டொப்ளர் பாத்து, கசிவு நின்னதும் முன்ன குடுத்ததுலயும் கொறஞ்ச அளவுல திரும்பத் தொடங்கினாங்க. அளவு பாக்குறதுக்கு ஏபிடிடிய நம்ப முடியாதுங்கிறது முன்னமே ஃபைல்ல எழுதியிருந்திச்சு, அவளுக்கு அது எப்பவும் கூடத்தானே காட்டும், அதுனால ஆன்டி டென்-ஏன்னு வேற டெஸ்ட் வச்சுப் பாத்தாங்க. அந்த லேடி டொக்டர் ஒக்காந்து பழைய கதைய கேட்டு எழுதாம விட்டிருந்தா, கூடக் காட்டுற நம்பரப் பாத்து ஹெப்பரின் கூடிப்போச்சுன்னு நெனச்சு சும்மா சும்மா கொறச்சிருப்பாங்க. எனக்கு இப்ப நெனச்சாலும் அதுதான் பெரிசாத் தெரியுது.

அந்த ராத்திரியில கை ஃபிஸ்டியூலா அடைச்சிருச்சு. டயலிசிஸுக்கு கையில குழாய ஒட்டி செஞ்சிருப்பாங்கல்ல, கைய வச்சா உள்ள கிர்ர்னு அதிரும், விடியக்காலம் அது நின்னு போயிருந்திச்சு. ப்ரெஷர் எறங்குனதும் ஹெப்பரின் நிப்பாட்டுனதும் சேந்து. கிட்னி தப்பிச்சதால அத யாரும் பெருசா எடுக்கல. இன்னும் டயலிசிஸ்ல இருக்கவங்க யாராச்சும் இத வாசிச்சா, காலையில எழும்புன ஒடனே அந்த அதிர்வ கைய வச்சுப் பாருங்க, அந்தக் கையில ப்ரெஷர் பாக்க விடாதீங்க, ரத்தம் எடுக்க விடாதீங்க, அது மேல படுக்காதீங்க. அதிர்வு நின்னா அன்னைக்கே போகணும், சில நேரம் தொறந்து விடலாம்.

ஹெப்பரின் போகப் போக ப்ளேட்லட்டையும் எண்ணிக்கிட்டே இருந்தாங்க. கொஞ்சப் பேருக்கு அஞ்சாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள ஹெப்பரினாலயே ப்ளேட்லட் பாதிக்கு மேல கொறஞ்சு, அதோட கட்டியும் பிடிக்கும். டயலிசிஸ்ல ஹெப்பரின் பட்டவங்களுக்கு இன்னும் சீக்கிரமாவே வரலாம். பொறகு வாஃபரின், தொடங்குன அன்னைக்கே ஹெப்பரின நிப்பாட்டல, வாஃபரின் மொத சில நாள் வேல செய்யாது, சொல்லப்போனா உறையுறத தடுக்குற சத்த மொதல்ல கொறச்சு ஆபத்தக் கூட்டும், அதுனால குறைஞ்சது அஞ்சு நாளைக்கு ரெண்டும் சேந்து போகும், ஐஎன்ஆர் 2 தாண்டி நிக்கிற வரைக்கும்.

என் பக்கம் கத சின்னது. இறுக்கமான நீட்டு சொக்ஸ், தெனம் ஒரு ஊசி, மறுநாளே எழும்பி நட. விலாவுக்குக் கீழ வெட்டுன நோவுல எழும்ப மனசு வராது, நோவுக்கு மருந்த கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு எழும்புங்க, மூத்திரக் குழாயோடயே கட்டிலச் சுத்தி நடந்தேன். படுத்திருக்கும்போது பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். பொறகு தண்ணி. மலைக் குளிருக்கு தாகமே எடுக்காது, ப்ளேன்டீ குடிச்சா போதும்னு இருப்போம். ஒத்தக் கிட்னிக்கும் சரி, ரத்தம் தடிக்காம இருக்கவும் சரி, போத்தல்ல அளந்து வச்சுக் குடிங்க.

வீட்டுக்கு வர்ற பயணம் இருக்கே, அத யாரும் யோசிக்கிறதில்ல. கண்டியில இருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை தாண்டி ஹட்டன் வந்து, அதுக்கு மேல தோட்டத்து ரோட்டுல குலுங்கி ஏறணும். மடக்குன காலோட அப்புடியே ஒக்காந்து வந்தா கட்டி பிடிக்கிறதுக்கு நாமளே எடம் குடுத்த மாதிரி. நாங்க வேன் புடிச்சு, எடையில நிப்பாட்டி எறங்கி நடந்துதான் வந்தோம். வேனுக்கு வசதி இல்லாட்டி கோச்சி நல்லது, எழும்பி நடக்கலாம். தோட்டத்துக்கு வந்த பொறகு வெறகு, தண்ணிக் கொடம் ஒண்ணும் தூக்க விடாதீங்க, படுத்தும் கெடக்காதீங்க. ஒரு கால் வீங்குனா, மூச்சு எறைச்சா, நெஞ்சு குத்துனா, இருமுனா ரத்தம் வந்தா 1990க்கு அடிச்சிருங்க, சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாம வரும். கிட்னி வாங்குனவங்களுக்கு அதோட, மாத்துன எடத்துல திடீர் நோவு, வீக்கம், மூத்திரம் கொறையிறது, ரத்தமாப் போறது. கிட்னி மாத்துனவ, வாஃபரின் போடுறவன்னு சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் எழுதுன கார்ட் ஒண்ணு தங்கச்சி பர்ஸ்லயும் ஃபோன் கவர்லயும் இருக்கு.

வாஃபரினோட வாழுறதுதான் இப்ப அவளுக்கு பெரிய பாடு. கிட்னி மாத்துனவங்களுக்கு கிருமி வராம கோட்ரைமொக்சசோல் குளிசை குடுப்பாங்க, அது வாஃபரினோட வேகத்த கூட்டும். பல்லு வெளக்கும்போது ரத்தம் நிக்கலன்னு போய்ப் பாத்தா ஐஎன்ஆர் அஞ்ச தாண்டியிருந்திச்சு. பூஞ்சைக்குக் குடுக்குற ஃப்ளூகொனசோலும் அப்புடித்தான், புதுக் கிட்னிய ஒடம்பு தள்ளாம இருக்கக் குடுக்குற டக்ரோலிமஸையும் அது சேத்து ஏத்தி விடும். எதிர்ப்பு சக்திய கொறைக்கிற இன்னொரு குளிசை அசதயபிரின், அது நேர்மாறு, வாஃபரின் வேகத்த கொறைக்கும். அதுனால எந்தக் குளிசைய புதுசா தொடங்குனாலும் நிப்பாட்டுனாலும் ஒரு கெழமைக்குள்ள ஐஎன்ஆர் பாக்கணும்னு கேட்டு வாங்குங்க. ஒடம்பு நோவுக்கு வோல்டரன் ஆகவே ஆகாது, ரத்தமும் கசியும், கிட்னியும் போகும். சதையில போடுற ஊசியும் வேணாம், உள்ள ரத்தம் கட்டும். பார்மசியிலயோ டிஸ்பென்சரியிலயோ கேட்ட ஒடனே தருவாங்க, நாமதான் வேணாங்கணும். கசாயம் விசயத்துல அம்மாவோட நான் போட்ட சண்டைய எழுதுனா பக்கம் பத்தாது. கிரேப்ஃப்ரூட்டும் ஜம்போலாவும் டக்ரோலிமஸ கூட்டும், தொடவே வேணாம்.

கீரைய நிப்பாட்ட வேணாம். வாஃபரின்னா கீரையே சாப்பிடக் கூடாதுன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, அது சரியில்ல. விட்டமின் கே கெழமைக்குக் கெழம ஏறி எறங்குனாத்தான் பிரச்சின. எங்க பக்கம் கோவாவும் லீக்ஸும் வெலை எறங்குன காலத்துல மூணு நேரமும் அதுதான், வெலை ஏறுனா பருப்பும் கருவாடும். வல்லாரை சம்பல் செஞ்சா ஒரு சட்டி செய்வோம். அதுக்குப் பதிலா தெனம் ஒரு அளவா கொஞ்சம் பச்சை, அந்த அளவுக்கு ஏத்த மாதிரி டொக்டர் வாஃபரின சரிபண்ணிக்குவார். ப்ளேன்டீக்கு ஒண்ணும் இல்ல.

பொறகு அட்டை. இத எந்த டொக்டரும் சொல்லல, மலையில இருக்கவங்களுக்குத்தான் தெரியும். அட்டை கடிச்சா சாதாரண ஆளுக்கே ரத்தம் நிக்க நேரமாகும், அது எச்சியில ரத்தத்த உறைய விடாம வைக்கிற பொருள் ஒண்ணு இருக்கு. வாஃபரின் போடுற ஆளுக்கு அது மேல கடிச்சா பாவாடையெல்லாம் ரத்தம், பயந்து போயிருவாங்க. பிச்சி எறியாதீங்க, எதயாச்சும் வச்சு நகட்டி விட்டு, சுத்தமான துணிய வச்சு விடாம அழுத்திக்கிட்டே இருங்க, எடைக்கெடை தொறந்து பாக்காதீங்க. நின்ன பொறகு சவுக்காரம் போட்டுக் கழுவணும், எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மருந்து எடுக்குற ஆளுக்கு அந்தக் காயம் சீழ் பிடிச்சா சும்மா போகாது. தங்கச்சி இப்ப மழ நாள்ல பூட்ஸ் இல்லாம வெளிய எறங்குறதில்ல.

2022ல நாட்டுல மருந்து தட்டுப்பாடு வந்தத பாத்தவங்க நாங்க. அதுனால குளிசை முடியிற அன்னைக்கு ஓடுற பழக்கம் இல்ல, கையில எப்பவும் கொஞ்ச நாளைக்கு மிச்சம் இருக்கும். ஒரு நாள் விட்டுட்டா மறுநாள் ரெண்டா போட்டுறாதீங்க. ஐஎன்ஆர் பாக்க ஒவ்வொரு தடவையும் கண்டிக்குப் போகணும்னு இல்ல, பக்கத்துல எங்க எடுக்கலாம்னு கிளினிக்ல கேட்டு, எடுத்த நம்பர ஒரே கொப்பியில தேதி போட்டு எழுதி, அன்னைக்குப் போட்ட அளவையும் பக்கத்துல எழுதி வச்சா எங்க போனாலும் டொக்டருக்கு லேசு.

இப்ப அவ கேக்குறது புள்ள. டொக்டர் முடியாதுன்னு சொல்லல. கிட்னி மாத்தி குறைஞ்சது ஒரு வருசம் போகணும், மூத்திரத்துல புரதம் இல்லாம ப்ரெஷர் நல்லா இருக்கணும், எதிர்ப்பு சக்திய கொறைக்க எடுக்குற மைக்கோஃபெனொலேட் குளிசை புள்ளைக்கு ஆகாது, அத கர்ப்பத்துக்கு ஆறு கெழமைக்காச்சும் முன்ன நிப்பாட்டி அசதயபிரினுக்கு மாத்தணும், வாஃபரினும் புள்ளைக்கு ஆகாது, அதுக்குப் பதிலா புள்ள பொறக்குற வரைக்கும் தெனம் ஹெப்பரின் ரக ஊசியும் சின்ன அஸ்பிரினும். திட்டம் போடாம கர்ப்பமானா ரெண்டு உசுரும் ஆபத்துல. வருசம் தாண்டிருச்சு, போன கிளினிக்ல புரதம் இல்ல. அவ வீட்டுக்காரர் வேணாங்குறார், அவ வேணுங்குறா, அடுத்த கிளினிக்குக்கு ரெண்டு பேரையும் சேத்து வரச் சொல்லியிருக்காங்க.